பறக்கும் ரயிலேறிப் போய் ஒரு ஜிம்பல்!

பறக்கிற மெஷினுக்கு சாமான் வாங்கப் போறோம்... பறக்கும் ரயில்ல போகாட்டி எப்படி பாஸ்? சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன்ல இறங்கி, மண்டையைப் பிளக்கிற வெயில்ல நடந்து ரிச்சி தெருவுக்குள்ள நுழைஞ்சோம். நாலு பேர். ஒரு பெரிய பை. பைக்குள்ள ஹாஸ்டல் ரூம்லயே கட்டின ட்ரோன். பர்ஸ்ல 12,000 ரூபாய்.

அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு சோகக் கதை உண்டு. அதுல 2,500 ரூபாய் எங்க டீம் 'பைலட்'டோட எக்ஸாம் ஃபீஸ். ஊர்லேர்ந்து அவங்க அம்மா அனுப்பினது. கட்டறதுக்குக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. "அதுக்குள்ள புரட்டிக்கலாம் மச்சி"ன்னு அவனே தூக்கிக் கொடுத்துட்டான். எங்கேர்ந்து புரட்டறதுன்னு நாலு பேருக்குமே தெரியாது!

எதுக்கு இந்த ரிஸ்க்? எங்க ப்ராஜெக்ட், ஹாஸ்டல் மொட்டை மாடியில இருக்கற சோலார் பேனல்களை ட்ரோன்ல படம் எடுத்து, எது உடைஞ்சிருக்கு, எதுல அழுக்கு படிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கறது. சீனியர் ஒருத்தர்கிட்ட ஓசி வாங்கின பழைய கோப்ரோ ஹீரோ 4 கேமராவை ட்ரோன் அடியில கட்டிப் பறக்கவிட்டோம். பேனல்ல இருக்கற நேர்கோடு எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு டான்ஸ் ஆடுது. ரிவ்யூல பார்த்த சார், "இது சோலார் பேனலாப்பா, இடியாப்பமா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டார். அடுத்த ரிவ்யூவுக்கு பத்தே நாள். 'ஜிம்பல் இல்லாததுதான் குறை'ன்னு நாங்களே தீர்ப்பு எழுதிக்கிட்டு கிளம்பினோம்.

ஜிம்பல் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ட்ரோன் எப்படிச் சாஞ்சாலும் கேமராவை மட்டும் சாயவிடாம பிடிச்சுக்கிற கைதான் ஜிம்பல். கேமரா ஒட்டின சென்சார் 'சாயறேன்'னு சொன்ன உடனே, குட்டி மோட்டார் எதிர்ப்பக்கமா திருப்பி நிமிர்த்தும். தோள் பக்கமா தலையைச் சாய்க்கறது ரோல். மேலயும் கீழயும் ஆட்டறது பிட்ச். இடது வலதா திரும்பறது யா. ரெண்டு ஆக்ஸிஸ் ஜிம்பல் முதல் ரெண்டை மட்டும் பார்த்துக்கும். மூணு ஆக்ஸிஸ்னா யாவையும் சேர்த்து.

மூணு, ரெண்டைவிட ஒண்ணு ஜாஸ்தி. அப்போ மூணுதானே பெஸ்ட்? இதுதான் எங்க இன்ஜினீயரிங் அறிவு!

ரிச்சி தெருன்னு பேருதான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருன்னு கைகோத்துக்கிட்டுப் போற ஒரு சின்ன ராஜ்ஜியம் அது. ரேடியோ பார்ட்ஸ் வித்த காலத்துலேர்ந்து வந்த கடைகள், சிசிடிவி, எல்.இ.டி., லேப்டாப் கீபோர்டு எல்லாம் தோளோடு தோள் இடிச்சுக்கிட்டு நிக்குது. ரெசிஸ்டர்களை கடலை மாதிரி பொட்டலம் போட்டுக் கொடுக்கறாங்க. "என்ன சார் வேணும்? லேப்டாப்பா... ப்ரொஜெக்டரா?"ன்னு பத்தடிக்கு ஒருத்தர் கையைப் பிடிச்சு இழுக்கறார். வெளிநாட்டு ரெடிமேட் ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில மத்திய அரசு தடை போட்டுடுச்சு. உதிரிபாகத்துக்குத் தடை இல்லை. சொந்தமா கட்டற எங்களை மாதிரி ஆளுங்களுக்கு இந்தத் தெருதான் தாய்வீடு.

மூணாவது கடையில மாட்டுச்சு, மூணு ஆக்ஸிஸ் ஜிம்பல். பளபளன்னு கறுப்பு அலுமினியம். 13,500 சொல்லி, எங்க மூஞ்சியைப் பார்த்து 12,000க்கு இறங்கினார். சரியா எங்க மொத்த சொத்து! கல்லாவுக்கு மேலே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' போர்டு. பைலட் பர்ஸை எடுத்துட்டான். எனக்கு ஏனோ வயித்துக்குள்ள பிசைஞ்சுது. "டீ குடிச்சிட்டு வந்துடறோம்ணா"ன்னு நழுவினோம்.

டீக்கடைக்கு எதிர்ல, மாடிப்படிக்குக் கீழ ஒரு ரிப்பேர் கடை. நாலு பேர் நின்னா அடைச்சுக்கும். சால்டரிங் புகைக்கு நடுவுல ஒரு அண்ணன். எங்க பையிலேர்ந்து நீட்டிக்கிட்டிருந்த இறக்கையைப் பார்த்துட்டு அவரே கூப்பிட்டார். கதையைச் சொன்னோம்.

"கேமரா எவ்ளோ வெயிட்டு தம்பி?"

யாருக்கும் தெரியல.

"பேட்டரி?"

"ஃபோர் எஸ்ணே." அப்பாடா, ஒரு கேள்விக்காவது பதில்!

"அந்தக் கடையில இருக்கறது ஹீரோ 5 சைஸுக்கு வெட்டினது. உங்க ஹீரோ 4 அதுல லொடலொடன்னு ஆடும். அப்புறம் ஜிம்பல் எவ்ளோ வோல்ட் தாங்கும்னு கேட்டீங்களா? ஃபோர் எஸ் ஃபுல் சார்ஜ்ல 16.8 வோல்ட்டு. த்ரீ எஸ்ஸுக்கு செஞ்சதுல நேரா சொருகினா புகைதான்."

நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

அப்புறம்தான் அவர் செஞ்சது. ட்ரோனோட நாலு இறக்கையையும் கழட்டி, ஒவ்வொண்ணா மெல்லிசா ஒரு கம்பியில கோத்தார். எடை சரியா இருந்தா இறக்கை படுத்தமேனிக்கு நிக்கணும். ரெண்டு நின்னுச்சு. ஒண்ணு மெதுவா சாஞ்சுது. இன்னொண்ணு டபக்குனு விழுந்தது. அதோட நுனியில நெல்லு சைஸுக்கு ஒரு சில்லு காணோம்.

"இதுதான் உங்க இடியாப்பம்"னு சிரிச்சார்.

விஷயம் இதுதான். கேமரா சென்சார் ஒரு படத்தை ஒரே மூச்சுல எடுக்கறதில்லை. வரி வரியா படிக்குது. படிச்சு முடிக்கறதுக்குள்ள கேமரா உதறினா நேர்கோடு நெளிகோடு ஆயிடும். நிமிஷத்துக்கு 6,000 சுத்து சுத்தற இறக்கை கோணலா இருந்தா, செகண்டுக்கு 100 உதறல். ஜிம்பல் மோட்டார் ட்ரோனோட சாய்வைத்தான் திருத்தும். இவ்ளோ வேகமான உதறலை அதால பிடிக்க முடியாது. அதைத் தடுக்கறது ஜிம்பலுக்கும் ட்ரோனுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் குமிழ்கள். அதுவும் எடைக்கு ஏத்த மாதிரி இருக்கணும். ரொம்ப கெட்டின்னா உதறலை அப்படியே கடத்தும். ரொம்ப மெத்துன்னா கேமரா ஊஞ்சல் ஆடும்.

"நீங்க பேனல் வரிசைமேல நேரா போகப் போறீங்க. படம் எடுக்கும்போது சுத்திச் சுத்தித் திரும்ப வேணாமே? ரெண்டு ஆக்ஸிஸ் போதும்."

அவரே ரெண்டு கடை தள்ளி கூட்டிட்டுப் போனார். ஹீரோ 4க்கு பொருந்தற, ஃபோர் எஸ் தாங்கற ரெண்டு ஆக்ஸிஸ் ஜிம்பல்... 7,500 ரூபாய். கேமராவை மாட்டி, கரன்ட் கொடுக்காம விரலால திருப்பிவிட்டார். விட்ட இடத்துலயே நின்னுச்சு. "இப்படி நிக்கணும். நிக்கலேன்னா மோட்டார் அதைத் தூக்கிப் பிடிச்சே சூடாகும், பேட்டரியையும் தின்னும்." கூடவே புது இறக்கை செட்டு 600, ரப்பர் குமிழ் 200. மொத்தம் 8,300. அண்ணன் தனக்குன்னு வாங்கினது ஒரு டீ மட்டும்!

அவர் தராசுலயே எடையும் போட்டோம். ட்ரோன் 1,480 கிராம், கேமரா 90, ஜிம்பல் 200. ஆக 1,770. ட்ரோன் விதிகள் 2021-படி, சுமையோட சேர்த்து 2 கிலோ வரைக்கும் 'மைக்ரோ' வகை. கனமான ஜிம்பலும் பெரிய பேட்டரியும் மாட்டியிருந்தா கோட்டைத் தாண்டியிருப்போம்!

மறுநாள் காலையில காலேஜ்லயே பறக்கவிட்டோம். கிரீன் ஸோன்ல, சொந்த வளாகத்துக்குள்ள ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட, அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளுக்கு அந்த விதிகள்லயே விலக்கு இருக்கு. முன்னாடி 14 நிமிஷம் பறந்தது இப்போ 12 நிமிஷம்தான். ஆனா வீடியோ? ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி பேனல்கள். மூணாவது வரிசையில ஒரு பேனல் குறுக்கால விரிசல் விட்டிருந்தது தெளிவா தெரிஞ்சுது. சார் ரெண்டு தரம் ரீவைண்ட் பண்ணிப் பார்த்துட்டு, இடியாப்பம் பத்தி ஒண்ணும் பேசல.

அந்தக் கழட்டின இறக்கைகள்ல, மெதுவா சாஞ்சதை நாங்க தூக்கிப் போடல. லேசான பக்கத்துல துண்டு செலோ டேப் ஒட்டினோம். கம்பியில கோத்தா இப்போ படுத்தமேனிக்கு நிக்குது. இதை ஹாஸ்டல்லயே செஞ்சிருக்கலாம்!

ஜிம்பல் வாங்கப் போறீங்களா? போறதுக்கு முன்னாடி கேமராவை எடை போடுங்க, பேட்டரி வோல்ட்டை எழுதிக்கோங்க, இறக்கையை கம்பியில கோத்துப் பாருங்க. முடிஞ்சா உங்க ட்ரோனையும் தூக்கிட்டே போங்க. ஆக்ஸிஸ் கணக்கெல்லாம் அப்புறம்.

பைலட் வியாழக்கிழமையே ஃபீஸ் கட்டிட்டான். கியூவுல அவன் பின்னாடி நாங்க மூணு பேரும் சும்மா நின்னோம்.