இடாப்பில் இல்லாத பெயர்

மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு அதுவே கடைசி இரவு. மடிக்கணினியிலோ வைஃபை அடையாளத்தையே காணோம். "நீ எதையோ அழித்துவிட்டாய்!" என்று கடிந்தேன். அவள் கண்கள் கலங்கின.

'டிவைஸ் மேனேஜர்' என்னும் பட்டியலைத் திறந்தேன். கணினி உறுப்புகளின் வரவு இடாப்பு அது. பெயரருகே கீழ்நோக்கிய அம்பு இருப்பின், அவ்வுறுப்பு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. மஞ்சள் முக்கோணம் இருப்பின், பெரும்பாலும் அதனை இயக்கும் டிரைவர் மென்பொருளில் குறை. இங்கோ வைஃபை உறுப்பின் பெயரே இல்லை. இடாப்பில் இல்லாத மாணவனுக்குப் பாடம் நடத்துவது எங்ஙனம்?

"கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தை எடுக்கலாம், அப்பா. அதற்கு முன் ஒன்று செய்து பார்ப்போம்" என்றாள். கணினியை நிறுத்தி, மின்வடத்தைக் கழற்றி, ஆளியை 30 வினாடி அழுத்திப் பிடித்தாள். உள்ளே தேங்கிய மின்னேற்றம் வடிந்தது போலும். மீண்டும் இயக்கியபோது பெயர் இடாப்பில் நின்றது.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. வகுப்பிலும் நான் இப்படித்தான். வராதவனைக் குற்றவாளியாக்கிய பின்னரே காரணம் வினவுகிறேன். "பிழை என்னுடையது, பிள்ளை" என்றேன். அவள் சிரித்தாள்.