காணாமற்போன துண்டு

நீரிலே மிதக்கும் படகுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வருமா என்று எவரேனும் எம்மை வினவியிருந்தால் சிரித்திருப்போம். சில மாதங்களுக்கு முன்னர் லிந்துலைக் கடைத்தெருவில் ஒரு சிறு பட்டறையில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்த பின்னரே, அது சிரிப்பதற்குரிய வினாவன்று என்பதை உணர்ந்தோம்.

அன்று சனிக்கிழமை. எமது மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்கச் சென்றிருந்தோம். பட்டறை நடத்தும் இளைஞர் பல ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் படித்தவர். எம்மைக் கண்டதும் எழுந்து, "வாங்க சேர், கொஞ்சம் இருங்க. இந்தப் போட் எஞ்சினை முடிச்சிட்டு உங்க வேலையைப் பார்க்கிறேன்" என்று பலகையொன்றைத் துடைத்துப் போட்டார். தேயிலை மலைகளுக்கு நடுவே படகு இயந்திரமா என்று நாம் வியந்தோம். நுவரெலியாவின் கிரகரி வாவியில் ஓடும் படகொன்றின் இயந்திரம் அது. பிதுருதலாகல மலையிலிருந்து வரும் ஓடையை மறித்து, தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டு உண்டாக்கிய வாவி அது. இயந்திரத்தின் உரிமையாளரும் அருகில் நின்றிருந்தார். மறுநாள் ஞாயிறு, உல்லாசப் பயணிகள் வருவார்கள் என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

நோய் இன்னதென்று இளைஞர் விளக்கினார். எரிபொருள் எரியும் இடத்தில் வெப்பம் மிகுதி. மோட்டார் வாகனத்தில் அதைத் தணிக்கும் நீர் அதற்குள்ளேயே சுற்றி வருகிறது. இத்தகைய படகு இயந்திரமோ தான் மிதக்கும் நீரையே உறிஞ்சி, உடலைக் குளிர்வித்து, வெளியே விட்டுவிடுகிறது. இயந்திரத்தின் புறத்தே மெல்லிய தாரையாக நீர் பீய்ச்சிக்கொண்டிருந்தால் நலம்; அது நின்றால் ஆபத்து.

அந்த நீரை ஏற்றிவிடுவது உள்ளங்கையில் அடங்கும் ஓர் இறப்பர்ச் சக்கரம். அதை இம்பெல்லர் என்கிறார்கள். எமது தலவாக்கலையில் அணை கட்டிச் சுரங்கவழியே கொண்டுசெல்லும் நீர், 2012ஆம் ஆண்டு முதல் மேல் கொத்மலை மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றி வருகிறது. அங்கே நீர் சக்கரத்தைத் தள்ளுகிறது; இங்கே சக்கரம் நீரைத் தள்ளுகிறது. சக்கரம் கூட்டின் நடுவில் அமையாமல் ஒருபுறம் ஒதுங்கி நிற்கும். ஆகவே சுழலும்போது அதன் இதழ்கள் ஒரு பக்கத்தில் விரிந்து நீரை இழுக்கும். மறுபக்கத்தில் மடங்கி அதை வெளியே பிதுக்கும்.

"தண்ணி இல்லாம ஓட்டினீங்களா அண்ணே?" என்று இளைஞர் கேட்டார்.

"கரையில வச்சு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். கொஞ்ச நேரந்தான்" என்றார் உரிமையாளர்.

அந்தக் கொஞ்ச நேரமே போதுமாம். நீர்தான் அந்த இறப்பருக்கு எண்ணெயும் ஆகும். நீரின்றிச் சுழன்றால் உராய்வின் சூட்டில் இதழ்கள் சிறிது நேரத்திலேயே கருகிக் கிழிந்துவிடும்.

இளைஞர் சுரையாணிகளைக் கழற்றி, இயந்திரத்தின் கீழ்ப்பகுதியை மெதுவாக இழுத்தெடுத்தார். பம்பின் கூட்டைத் திறந்தார். ஆறு இதழ்கள் இருக்கவேண்டிய சக்கரத்தில் நான்கே இருந்தன. முறிந்த இதழ்களுள் ஒன்று கூட்டினுள்ளேயே கிடந்தது. மற்றையதைக் காணவில்லை.

"புதுசைப் போட்டு மூடு தம்பி, நேரமாகுது" என்று உரிமையாளர் அவசரப்படுத்தினார்.

"மூட முடியாது அண்ணே. உடைஞ்ச துண்டு தண்ணியோட மேலே போயிருக்கும். எங்கேயாவது அடைச்சிக்கிட்டு இருந்தா, புதுசு போட்டும் பிரயோசனமில்லை. நடு வாவியில பிள்ளைங்களோட நின்னுபோகும்."

வேறு பட்டறைக்குக் கொண்டுபோவதாக உரிமையாளர் குரலை உயர்த்தினார். இளைஞர் மறுத்துப் பேசவில்லை. வேலையை நிறுத்தவும் இல்லை. நீர்க்குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். பின்னர் இயந்திரத்தின் மேற்பகுதியில், வெப்பத்துக்கேற்ப நீரை விடும் அடைப்பின் மூடியைத் திறந்தார். அங்கே, சிறுவிரல் நகமளவான ஒரு கறுப்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு துண்டுகளையும் பழைய சக்கரத்தில் பொருத்திப் பார்த்து, ஆறு இதழ்களும் நிறைந்தன என்று கண்ட பிறகே அவர் முகம் தெளிந்தது. புதிய சக்கரத்தில் சவர்க்கார நீரைத் தடவி, சுழலும் திசையிலேயே திருப்பித் திருப்பிக் கூட்டினுள் செலுத்தினார். சகலத்தையும் பூட்டி, நீர் நிறைந்த பீப்பாவினுள் இயந்திரத்தை நிறுத்தி ஓட்டியதும், தாரை பளிச்சென்று பாய்ந்தது. உரிமையாளர் பேசியதற்கு மேலாகவே பணம் கொடுத்துச் சென்றார்.

எமக்கு மட்டும் மகிழ்ச்சி முழுமையாக வரவில்லை. இவ்விளைஞர் பத்தாம் வகுப்பில் திடீரென்று வராமல் நின்றவர். தாயார் நோயுற்றதனால் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதை அன்றுதான் கேட்டறிந்தோம். அந்நாளில் நாம் செய்தது என்ன? சில வாரங்கள் பார்த்துவிட்டு, இடாப்பில் அவர் பெயரின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தோம். காணாமற்போன துண்டைத் தேடாமலே மூடியை மூடிவிட்டோம். "நீங்க என்ன சேர் செய்வீங்க? எத்தனை பிள்ளைங்க!" என்று அவர் எம்மைத் தேற்றினார். அந்தத் தேறுதலே எமக்கு வலித்தது.

அவ்வேளையில் எமது இடாப்பில் இன்னொரு பெயர் கோட்டுக்காகக் காத்திருந்தது. ஒரு மாணவி மூன்று வாரங்களாக வந்திருக்கவில்லை. திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் அவள் வசிக்கும் லயத்தைத் தேடி நடந்தோம். தாய் கொழும்பிலே வீட்டு வேலைக்குச் சென்றுவிட, கைக்குழந்தையான தம்பியை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டியாரிடமும் அயலவரிடமும் பேசினோம். ஒரே நாளில் முடியவில்லை. நான்கு தடவை ஏற வேண்டியதாயிற்று. ஈற்றில் அடுத்த காம்பராவில் உள்ள அம்மா ஒருவர் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இசைந்தார்.

மாணவி இப்போது வகுப்புக்கு வருகிறாள். கணிதத்தில் பின்தங்கியே இருக்கிறாள். அதற்காக மாலையில் அரை மணி நேரம் அவளோடு அமர்கிறோம். எமது மேசை இழுப்பறையில், இளைஞரிடம் கேட்டு வாங்கிய அந்தக் கறுப்பு இறப்பர்த் துண்டு கிடக்கிறது. இடாப்பைத் திறக்குந்தோறும் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.