இரண்டு பைசாவின் நினைவுத்தூண்

திருப்பூரிலிருந்து கோபி போகும் சாலையில் இருக்கிறது பெருமாநல்லூர். பனியன் கம்பெனி வண்டிகளும் நூல் லாரிகளும் ஓயாத ஊர். இங்குள்ள உழவர் தியாகிகள் நினைவுத்தூண் பழங்காலத்துச் சின்னமல்ல. ஆனாலும் கொங்கு நாட்டின் வரிக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் வேறில்லை என்பேன். 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள்மீது போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இங்கே இறந்தார்கள்.

யூனிட்டுக்கு 8 பைசாவாக இருந்த கட்டணம் 10 ஆனது. 'இரண்டு பைசாவுக்கா?' என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 5 எச்.பி. மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால் சுமார் 37 யூனிட். நாளொன்றுக்கு முக்கால் ரூபாய் கூடுதல். மழை பொய்த்த வருஷத்தில்தான் மோட்டார் அதிகம் ஓடும். வெள்ளாமை குறையும்போது பில் ஏறும்.

அந்தக் கோபத்துக்கு வேர் ஆழம். 1799-ல் திப்பு வீழ்ந்ததும் கோவைச் சீமை கம்பெனி கைக்கு வந்தது. நன்செய், புன்செய், தோட்டம் என்று நிலத்தைப் பிரித்து, புன்செய்யைவிடத் தோட்டத்துக்குக் கூடுதல் தீர்வை போட்டார்கள். தோட்டம் என்றால் இங்கே கிணற்றுப் பாசன நிலம். பாறையை உடைத்துக் கிணறு வெட்டியது குடியானவன், இறைத்தது அவன் மாடு. கவலை ஓட்டுவது லேசான வேலையல்ல. மாடுகள் சரிவில் இறங்கினால் தோல்பை சால் நிரம்பி மேலே வரும். அவை பின்னோக்கி மேடேறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இதே நடைதான். கிஸ்தி மட்டும் சர்க்காருக்கு! குடியானவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை வளர்த்த தாமஸ் மன்றோவே 1807-ல், தாம் நிர்வகித்த பல்லாரி, கடப்பைச் சீமைக்குத் தீர்வையை 25 சதவீதமும், கிணற்றுப் பாசன நிலத்துக்கு மேலும் 8 சதவீதமும் குறைக்கச் சொன்னார்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. மெல்ல மெல்லக் கவலை ஓய்ந்து மோட்டார் ஏறியது. தாசில்தார் கேட்ட இடத்தில் மீட்டர் கேட்டது. சட்டப்படி கட்டணம் வேறு, வரி வேறு. பணம் எடுத்துக் கொடுப்பவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இது கிணறு வைத்திருந்தவர்களின் போராட்டம் என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கூலிக்குப் போனவருக்குக் கிணறும் இல்லை, மீட்டரும் இல்லை.

மூன்று உயிர் போனபின் அரசு ஒரு பைசா குறைத்து 9 ஆக்கியது. 1972-ல் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவைச் சாலைகளை அடைத்தன. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. துப்பாக்கிச் சூடு நடந்த 1970-லும் கட்டணம் அறவே நீங்கிய 1990-லும் முதலமைச்சர் ஒருவரே: மு. கருணாநிதி.