வேரைப் பார்த்து வாங்குங்கள்

மழை பெய்தால் பயப்படுகிறவர்கள் உண்டா? உண்டு.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டெமாயின் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கோடையில் இடி இடித்தாலே அவர் முதலில் ஓடுவது பேஸ்மென்டுக்குத்தான். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, காலமான கணவரின் புத்தகப் பெட்டிகள் நனைந்துவிட்டனவா என்று பார்க்க.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறத்தாழ 2,360 லிட்டர் தண்ணீர்! அவ்வளவும் குழாய் வழியாக இறங்கி வீட்டைச் சுற்றியே நிற்கும். "அதுதான் பச்சைப் பசேல் என்று புல்தரை இருக்கிறதே, குடித்துவிடாதா?" என்று கேட்கலாம். வீட்டு முன்னால் வளர்க்கும் அந்தப் புல்லின் வேர் பெரும்பாலும் சில அங்குல ஆழம்தான். அடியில் மண் இறுகிக் கிடக்கும். மிச்சத் தண்ணீர் உரத்தையும் தெருவின் எண்ணெயையும் அள்ளிக்கொண்டு ஆற்றுக்குப் போகும்.

இதற்கு அங்கே பலர் செய்வது மழைத்தோட்டம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வீட்டுச் சுவரிலிருந்து பத்து அடியாவது தள்ளி, அரை அடி ஆழத்துக்குத் தட்டையான ஒரு பள்ளம். கூரைத் தண்ணீரை அதற்குத் திருப்பிவிட்டு, உள்ளே செடி வைக்க வேண்டும். தண்ணீர் ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும். அதனால் இது குளம் அல்ல, கொசுவுக்கும் முட்டையிட்டு வளர நேரம் கிடைக்காது. பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில், பர்ன்ஸ்வில் என்ற ஊரின் ஒரு பகுதியில் 2003-ல் இப்படி 17 தோட்டங்கள் அமைத்து அளந்து பார்த்தார்கள். தெருவில் வழிந்தோடும் மழைநீர் சுமார் 90 சதவீதம் குறைந்தது. ஊரை மூழ்கடிக்கும் வெள்ளத்துக்கு இது மருந்து இல்லைதான். ஆனால் அடிக்கடி பெய்யும் சாதாரண மழைக்கு இது போதும்.

ஆசிரியையும் பள்ளம் வெட்டினார். தவறு நடந்தது செடி வாங்கும்போது. "தண்ணீர் நிற்கும் இடம்தானே" என்று குளத்தோரச் செடிகளாகப் பார்த்து, பூ அழகாக இருந்தவற்றை வாங்கி வந்தார். ஜூனில் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆகஸ்டில் மூன்று வாரம் மழை இல்லை, எல்லாம் கருகிவிட்டது.

மழைத்தோட்டத்தின் சிக்கலே இதுதான். இரண்டு நாள் மூழ்கிக் கிடக்க வேண்டும், பிறகு மூன்று வாரம் காய்ந்து கிடக்க வேண்டும். போதாததற்கு, பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்கும் இறங்கும் குளிர்காலம் வேறு. இத்தனையையும் தாங்கும் செடி எங்கே கிடைக்கும்?

அந்த மண்ணிலேயே கிடைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஏர் பூட்டுவதற்கு முன் அயோவாவின் பெரும்பகுதி பிரெய்ரி என்னும் உயர்ந்த புல்வெளியாகத்தான் இருந்தது. இன்று அதில் மிஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தீ, வறட்சி, பனி, காட்டெருமைக் கூட்டம் எல்லாவற்றையும் பார்த்த செடிகள் அவை. மேலே தெரிவதைவிட அவற்றின் வாழ்க்கை கீழேதான் அதிகம். பிக் புளூஸ்டெம் என்ற புல்லின் வேர் எட்டு அடிக்கும் கீழே போகும். வறட்சியில் அங்கிருந்து தண்ணீர் எடுக்கும். பழைய வேர்கள் மக்கிப்போகும்போது அவை விட்டுச்செல்லும் துளைகள் வழியாகத்தான் அடுத்த மழை கீழே இறங்கும்.

அடுத்த முறை அவர் பூவைப் பார்க்கவில்லை, வேரையும் இடத்தையும் பார்த்தார். தண்ணீர் அதிகம் நிற்கும் நடுப்பள்ளத்தில் ஸ்வாம்ப் மில்க்வீட், புளூ ஃபிளாக் ஐரிஸ், ஃபாக்ஸ் செட்ஜ் என்ற கோரை. சரிவில் நியூ இங்கிலாந்து ஆஸ்டர், கல்வர்ஸ் ரூட். சீக்கிரம் காய்ந்துவிடும் விளிம்பில் லிட்டில் புளூஸ்டெம், ப்ரெய்ரி டிராப்சீட், வெளிர்நிறக் கோன்ஃபிளவர். பூச்செடிகளுக்கு நடுவே புல்லும் கோரையும் கட்டாயம் வேண்டும். மண்ணைப் பிடித்து நிறுத்துவதும் களைக்கு இடம் கொடுக்காமல் இருப்பதும் அவைதான்.

இதில் மில்க்வீட் கதை தனி. பெயரிலேயே 'களை' இருக்கிறது பாருங்கள்! மொனார்க் பட்டாம்பூச்சியின் புழு இந்த இனச் செடிகளின் இலையைத் தவிர வேறு எதையும் தின்று வளராது. தமிழ்நாட்டில் சாலையோரம் யாரும் சீந்தாமல் நிற்கும் எருக்கஞ்செடி இதற்கு உறவு. அதே பால், அதே பஞ்சு விதை. மொனார்க்கின் உறவான ஒரு பட்டாம்பூச்சி அந்த எருக்கிலும் முட்டையிடும்.

சரி, நட்டாயிற்று. உடனே பூத்துக் குலுங்கியதா? இல்லை. முதல் வருடம் தூங்கும், இரண்டாம் வருடம் தவழும், மூன்றாம் வருடம் துள்ளும் என்று அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சொல்வார்கள். முதல் இரண்டு வருடமும் செடி வேரைத்தான் வளர்க்கும். மேலே பார்ப்பவர்களுக்கு அது புதர். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஊராட்சியிலிருந்து கடிதம் வந்தது: களையை வெட்டவும், இல்லாவிட்டால் அபராதம்.

அவர் அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று வேலை செய்தார். பள்ளத்தைச் சுற்றி ஒன்றரை அடிக்குப் புல்லை ஒட்ட வெட்டி ஓரம் கட்டினார். தெருப் பக்கம் இருந்த உயரமான செடிகளைப் பின்னால் மாற்றினார். "இது மழைத்தோட்டம்" என்று ஒரு சின்னப் பலகை நட்டார். ஜோன் நசாவர் என்ற நிலவடிவமைப்புப் பேராசிரியர் 1995-லேயே எழுதிய விஷயம்தான் இது: ஒழுங்கான ஓரம் இருந்தால், உள்ளே இருக்கும் ஒழுங்கின்மையை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். யாரோ கவனித்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். அதன்பின் கடிதம் வரவில்லை.

நட்ட மூன்றாம் வருடம் ஜூலையில் ஒரு மழை. அவர் பேஸ்மென்டுக்கு ஓடவில்லை. ஜன்னலோரம் நின்று பள்ளத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தார். மறுநாள் மாலை போய்ப் பார்த்தபோது தண்ணீர் இல்லை. மில்க்வீட் இலையின் அடியில் வரிவரியாக ஒரு புழு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அந்தச் செடி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.