பத்மினியும் துருவும்

பிரீமியர் பத்மினி ஞாபகம் இருக்கா மக்களே? 1089 சிசி இஞ்சின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். 2000 வாக்கில் தயாரிப்பே நின்னுபோச்சு. அதை வீட்டு வாசலில் பிரித்துப் போட்டு, புருஷனும் பொண்டாட்டியுமா சரிபண்ற ஜோடிகள் இன்னும் இருக்காங்க.

அவர் கார்புரேட்டரைக் கழற்றுவார். அவங்க நட்டையெல்லாம் டப்பாவில் போட்டு பேர் எழுதுவாங்க. சண்டை வர்றது துருவில்தான். மேலாகச் சுரண்டி பட்டி பார்த்தால் செலவு கம்மி. ஆனா உள்ளே துரு தின்னுக்கிட்டே இருக்கும், கொஞ்ச நாளில் பெயிண்ட் உப்பிடும். வெட்டி எடுத்து புதுத் தகடு வெல்ட் பண்ணினா சேமிப்பு காலி.

வித்தாலும் போட்ட காசு திரும்பாது. நஷ்டம்னுதான் எழுதணும். சரி, "மறைக்க வேணாம், வெட்டியே எடுப்போம்"னு ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்த அந்த ராத்திரியை எந்தப் பக்கம் எழுதறது? பற்றா, வரவா?