தழுவக் குழைந்த பனிமேனி

பஞ்சபூதத் தலங்களுள் காஞ்சி மாநகர் மண்ணுக்கு உரியது. ஏகாம்பரநாதர் திருக்கோயிலின் மூலவர் மணலால் ஆன பிருதிவி லிங்கம். அன்னை காமாட்சி மாமரத்தடியில் மணலைக் கூட்டி லிங்கம் அமைத்துப் பூசித்த வேளையில், கம்பை நதி பெருக்கெடுத்து வந்தது. மணல்மேனி கரைந்துவிடுமோ என்று அஞ்சிய அன்னை, இரு கரங்களாலும் அதை மார்போடு தழுவிக்கொண்டாள். அந்தத் தழுவலுக்கு இறைவன் குழைந்து, அன்னையின் வளைத்தழும்பைத் தன் மேனியில் ஏற்றான் என்பது தலபுராணம். 'தழுவக் குழைந்தார்' என்ற திருநாமம் அதனால் வந்தது. இன்றும் அந்த மணல்மேனிக்கு நீரால் அபிஷேகம் கிடையாது, புனுகு சாத்துகிறார்கள், அபிஷேகம் ஆவுடையாருக்கு மட்டுமே.

நீர் படாத அந்தத் திருமேனியை நீரைக் கொண்டே வடிக்க ஆசைப்பட்டான் ஓர் இளைஞன். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். சென்னையில் ஒரு கேட்டரிங் கல்லூரியில் இறுதியாண்டு படித்துவந்தான். அங்கே மார்கழியில் நடக்கும் கண்காட்சியில் காய்கறிச் சிற்பங்களோடு பனிக்கட்டிச் சிற்பங்களும் இடம்பெறும். அந்த ஆண்டு கொடுத்த பொருள் 'திருவிழா'. பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்துக்கு முன்னோடியான நிகழ்ச்சி என்பதால், கம்பை வெள்ளமும் அன்னையின் தழுவலுமாக ஒரு காட்சியை அவன் தேர்ந்தெடுத்தான்.

செய்தி ஊருக்கு வந்ததும் மறுப்பு எழுந்தது அவனுடைய ஆயாவிடமிருந்துதான். எழுபத்தெட்டு வயது. கணவர் தறியில் இருந்த நாளெல்லாம் பக்கத்தில் அமர்ந்து தார் சுற்றிக் கொடுத்தவர். பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குச் செல்பவர்.

"சாமியைச் செஞ்சு சாக்கடையில ஓட வுடுவியா, கண்ணு? மார்க்குக்காகச் செய்யற சாமி வேணாம்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

தகப்பனார் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். "வெறும் ஐஸ்தானேம்மா" என்றதற்கு, "அம்மன் முகத்தை வெச்ச பிறகு அது எப்படிடா வெறும் ஐஸ் ஆவும்?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு வீட்டில் எவரிடமும் விடை இல்லை. கண்காட்சிக்கு மூன்று வாரமே இருந்தது. பேரன் தன் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு வேறு காட்சி தேடலானான்.

ஆயாவுக்கும் மனம் ஆறவில்லை. பல்லாண்டுகளாகத் தெரிந்த முதிய குருக்கள் ஒருவரிடம் போய்த் தம் ஐயத்தைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆவாகனம் செய்யாத உருவம் அலங்காரம்தான் அம்மா. ஆனாலும் உங்கள் பயம் நியாயமானது. சதுர்த்தியன்று ஆவாகனம் செய்து பூசித்த களிமண் பிள்ளையாரையே நாம் நீரில் கரைக்கிறோம். கரைவதில் குற்றமில்லை. எங்கே கரைகிறது, எப்படி வழியனுப்புகிறோம் என்பதில்தான் மரியாதை இருக்கிறது" என்றார்.

எண்ணிப் பார்த்தால், பனிக்கட்டி நம் பக்திக்கு அந்நியமானதன்று. அமர்நாத் குகையில் கூரையிலிருந்து சொட்டும் நீர் உறைந்து தானே லிங்கமாக எழுகிறது. கோடை முதிர முதிரக் கரைகிறது. கரைந்துவிட்டதே என்று அடுத்த ஆண்டு யாத்திரைக்கு எவரும் போகாமல் இருப்பதில்லை. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிப்பாளங்கள் கப்பலேறி வந்து இறங்கிய சென்னை ஐஸ் ஹவுஸ் கட்டடம் 1842-இல் எழுந்தது. 1897-இல் அங்கேதான் சுவாமி விவேகானந்தர் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். காஞ்சிக்கு வேறொரு பாடமும் தெரியும். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் திருக்குளத்தில் நீருக்குள்ளேயே 40 ஆண்டுகள் சயனித்திருக்கும் அத்திவரதர், 1979-க்குப் பின் 2019-இல் 48 நாள்கள் தரிசனம் தந்தார். நீரில் கரைத்து வழியனுப்புவதும் நீருக்குள் வைத்துப் போற்றுவதும் அந்த ஊருக்கு வழக்கந்தான்.

ஆயா அன்றிரவே பேரனை அழைத்தார். "செய் கண்ணு. ஆனா, உருகற தண்ணி ஒரு சொட்டும் மிதிபடக் கூடாது. முழுக்கப் பிடிச்சு ஒரு மரத்துக்கு ஊத்தணும்."

ஐஸ் தொழிற்சாலையிலிருந்து பெரிய பாளங்கள் சாக்கு சுற்றி வந்து இறங்கின. குளிரறையிலிருந்து எடுத்தவுடன் பனிக்கட்டியில் உளி வைக்கலாகாது, விரிசல் ஓடிவிடும். மேற்பரப்பு சற்றே இளகிக் கண்ணாடிபோல் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். நீர் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக உறைவதால், உள்ளிருந்த காற்றுக் குமிழிகள் நடுவில் ஒதுங்கிப் பால்போல் வெளுத்திருக்கும். பலர் குறையென்று கருதும் அந்த வெண்மையை அவன் வெள்ளத்தின் நுரையாக்கினான். தெளிந்த பகுதியை அன்னைக்கும் லிங்கத்துக்கும் வைத்துக்கொண்டான். பாளங்களை இணைக்கப் பசை ஏதும் இல்லை. இரு முகங்களையும் சமன் செய்து, குளிர்ந்த நீர் தடவிச் சேர்த்துப் பிடித்தால், அந்த நீரே உறைந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இதைத் தொலைபேசியில் கேட்ட ஆயா, "நம்ம கோர்வை மாதிரி" என்றார். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நாடாவில் ஓடி, இழையோடு இழை பூட்டிக்கொள்வதுதான் கோர்வை.

கண்காட்சியன்று ஆயா மகனோடு பேருந்தேறிச் சென்னைக்கு வந்தார். அலையடிக்கும் வெள்ளம், மேலே வளைந்த மாங்கிளை, நடுவில் லிங்கத்தைத் தழுவிய அன்னை. பீடத்தைச் சுற்றித் தட்டு அமைத்து, குழாய் வழியே நீர் கீழிருந்த அண்டாவில் சேர்ந்துகொண்டிருந்தது. ஆயா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். பார்த்துச் சென்றவர்களில் சிலரும் அவ்வாறே செய்தனர். நடுவர்கள் வந்து குறித்துக்கொண்டு போனார்கள். முதற் பரிசு வேறொரு காட்சிக்குப் போயிற்று.

மாலையில் கூட்டம் கலைந்தது. ஆயா நாற்காலியை விட்டு எழவில்லை. மெல்லிய பகுதிகள்தாம் முதலில் உருகும். மாவிலைகள் போயின, அலைகள் தணிந்தன. பின்னர் அன்னையின் விரல்கள், வளைகள், கரங்கள் ஒவ்வொன்றாக விளிம்பிழந்து லிங்கத்தோடு படிந்தன. எது கரம், எது லிங்கம் என்று பிரித்தறிய முடியாத ஒரே தெளிந்த மேனியாக அது நின்றது. தான் செதுக்கியது அழிகிறதே என்று முகம் வாடி நின்ற பேரனை ஆயா அருகே அழைத்தார்.

"தழுவக் குழைந்தார்னு பேரை எத்தனையோ வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அது என்னன்னு இன்னிக்குத்தான் கண்ணு பார்த்தேன்" என்றார்.

உளி வடித்ததைக் காட்டிலும் அது உருகியபோது தோன்றியதே அந்தத் தலபுராணத்துக்கு நெருங்கி வந்தது. முதுமையில் கண்ணொளி, கைவலிமை, உற்றார் என்று ஒவ்வொன்றாக விளிம்பு கரையும்போது மனம் அஞ்சுவது இயல்பே. பற்றியிருக்கும் இடம் இறைவனுடைய மேனியாக இருக்குமானால், கரைவது இழப்பாகாது, அவனோடு சேர்வதாகும்.

கல்லூரி வளாகத்தின் பின்புறம் ஒரு மாமரம் இருந்தது. அண்டாவைப் பேரனும் நண்பர்களும் தூக்கி வந்தார்கள். முதல் சொம்பு நீரை ஆயாவே மொண்டு, மரத்தின் அடியில் மண் நனைய ஊற்றினார்.