மோட்டார் ஓடுது, தண்ணி வரல

போன வாரம் அறுப்பு பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். எழுத முடியல. வீட்டுக் கம்ப்யூட்டர் இருட்டாயிடுச்சு. அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன், யாருக்காவது உதவும்.

போகிக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். சாமானெல்லாம் வாசல்ல இறக்கினப்ப கம்ப்யூட்டரையும் ஒயரைப் பிடுங்கி, போர்வை போட்டு மூடி வச்சேன். காணும் பொங்கலன்னிக்குத் திரும்ப மாட்டினேன். சுவிட்ச் போட்டா சிபியூ பெட்டியில ஃபேன் சுத்துது, லைட்டும் எரியுது. மானிட்டர்ல மட்டும் 'நோ சிக்னல்'னு ஒரு கட்டம் வந்து மறையுது. அப்புறம் ஒரே கறுப்பு.

கம்ப்யூட்டர் போனா போகட்டும்னு விட முடியாது. அதுக்குள்ள எங்க நைனா இருக்கார்.

2015 டிசம்பர் மழையில செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததும் அடையாறு கரை மூழ்கினதும்தான் எல்லாருக்கும் தெரியும். திருமழிசை தாண்டி ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு மழைத்தண்ணியே போதுமானதா இருந்துச்சு. வீட்டுக்குள்ள முழங்கால் அளவு. டிரங்குப் பெட்டியில இருந்த பத்திரமெல்லாம் நனைஞ்சிடுச்சு. பத்திரத்துக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல நகல் எழுதிக் கொடுத்தா வாங்கிக்கலாம். நைனா எழுதின கணக்கு நோட்டுக்கு எங்க போய் நகல் கேக்கறது? எந்த வருஷம் என்ன விதை, ஏக்கருக்கு எத்தனை மூட்டை, யாருக்கு எவ்வளவு கைமாத்துன்னு முப்பது வருஷம் எழுதி வச்சிருந்தார். ஈரம் காஞ்சதும் என் பொண்ணு பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தினா. நோட்டை அப்புறம் கரையான் தின்னுடுச்சு. இப்ப இருக்கிறது அந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான்.

ஆவடியில ஒரு கடைக்கு பெட்டியை வண்டியில வச்சு எடுத்துட்டுப் போனேன். அந்தப் பையன் ஒரு மானிட்டரை மாட்டிப் பார்த்தான். அங்கயும் படம் வரல. "மதர்போர்டு போயிருக்குண்ணா. நாலாயிரத்து ஐநூறு ஆகும். ஃபார்மேட் அடிச்சுத்தான் தருவோம்"னான். ஃபார்மேட்னு கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. போன்ல ஒருதடவை ஃபார்மேட் பண்ணி கல்யாண போட்டோ பூரா போனது ஞாபகம் வந்துச்சு. யோசிச்சு சொல்றேன்னு பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்காரம்மா, "ஏங்க, பேசாம புதுசு வாங்கிடலாமே"ன்னா. நான் ஒண்ணும் பேசல.

ராத்திரி அம்பத்தூர்ல இருக்கிற பொண்ணுக்குப் போன் போட்டேன். அவ முதல்ல சொன்னது, "அப்பா, ஃபைலெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. அது வேற, மதர்போர்டு வேற. போர்டே போனாலும் ஃபைல் போகாது. யாரையும் ஃபார்மேட் பண்ண விடாதீங்க." பாதி உயிர் அப்பவே திரும்பிடுச்சு.

அப்புறம் ஒவ்வொண்ணா கேட்டா. மானிட்டர்ல 'நோ சிக்னல்'னு எழுத்து வருதா? வருது. அப்ப மானிட்டர் நல்லாத்தான் இருக்கு, எழுத்தைக் காட்டறதே அதுதானே. (எழுத்துகூட வரலைன்னா டார்ச் அடிச்சுப் பாக்கணுமாம். மங்கலா படம் தெரிஞ்சா திரைக்குப் பின்னாடி இருக்கிற விளக்கு போயிருக்குன்னு அர்த்தம்.) மானிட்டர் பட்டன்ல இன்புட் எச்டிஎம்ஐன்னு இருக்கா? இருக்கு. அதே ஒயரை டிவியில மாட்டிப் பாருங்க. மாட்டினேன், டிவியிலயும் ஒண்ணும் வரல. ஒயர்ல கோளாறு இருக்கலாம்னு செட்டாப் பாக்ஸ் ஒயரை எடுத்து மாட்டினேன், அப்பவும் இல்ல.

"கீபோர்டுல கேப்ஸ் லாக் தட்டுங்கப்பா. லைட் எரிஞ்சு அணையுதா?"

தட்டினேன். எரியுது, அணையுது, எரியுது.

"அப்ப உள்ள ஓடிட்டுத்தான் இருக்கு. படம் மட்டும்தான் வெளிய வரல."

அதைக் கேட்டதும் எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு. கிணத்து மோட்டார் ஓடுது, வயலுக்குத் தண்ணி வரலைன்னா எடுத்த எடுப்புல மோட்டாரைக் கழட்ட மாட்டோம். ஃபுட் வால்வுல காத்து புகுந்துதா, பைப்பு எங்கயாவது விட்டுதான்னு பாப்போம். பல தடவை ஒண்ணுமே இருக்காது. கேட் வால்வு பக்கத்து மடைக்குத் திருப்பி இருக்கும், தண்ணி அங்க போயிட்டிருக்கும். "ஏம்மா, படம் வேற ஓட்டை வழியா போகுதோ?"ன்னு கேட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் சிரிக்கிறா. "அப்பா, போன வருஷம் இவர் ஒரு கார்டு மாட்டினாரே!"

ஆமாம். பேரன் கேம் ஆடணும்னு மாப்பிள்ளை ரிச்சி தெருவுல பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டியிருந்தார். பெட்டிக்குப் பின்னாடி பார்த்தா எச்டிஎம்ஐ ஓட்டை ரெண்டு இருக்கு. ஒண்ணு மேல, கீபோர்டு, மவுஸ் சொருகற இடத்துக்குப் பக்கத்துல. இன்னொண்ணு கீழ, படுக்க வச்ச மாதிரி. கார்டு மாட்டிட்டா பல பெட்டியில மேல் ஓட்டை தானா செத்துடுமாம், படம் கார்டு வழியாத்தான் வருமாம். நான் கைக்கு எட்டின மேல் ஓட்டையில சொருகியிருக்கேன். கடைப் பையனும் அங்கதான் சொருகியிருப்பான் போல. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்ல, நானே அஞ்சு நாள் அதைத்தான் பண்ணேன்.

கீழ சொருகினேன். வயல் வரப்புல நைனா நிக்கற படம்தான் முதல்ல வந்துச்சு, டெஸ்க்டாப்ல அதைத்தான் வச்சிருக்கோம். வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போய் காபி போட்டா.

அன்னிக்கு ராத்திரி தூங்கல. நோட்டு பக்கங்களைத் திறந்து படிச்சிட்டே இருந்தேன். 'சி.ஆர். 1009, ஏக்கருக்கு 22 மூட்டை, மழை அடிச்சு கொஞ்சம் சாஞ்சிடுச்சு'ன்னு ஒரு வரி. அந்த வயல் இப்ப பிளாட் கல்லு நட்டுக் கெடக்கு.

காலையில ரெண்டு பென் டிரைவ் வாங்கி எல்லாத்தையும் காப்பி பண்ணேன். ஒண்ணு அம்பத்தூருக்குப் போயிடுச்சு, ஒண்ணு பீரோவுல. மேல் ஓட்டை மேல கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிட்டேன். அறுப்பு கதை அடுத்த வாரம்.